ஸ்காட்லாந்தின் பழைய ஓவியங்கள் ஏன் இவ்வளவு குறைவு, முகமெல்லாம் ஏன் அவ்வளவு விறைப்பு?

நீங்கள் கேட்டவை இரண்டு. எடின்பரோவில் குயின் தெருவில் இருக்கும் ஸ்காட்லாந்து தேசிய உருவப்பட கேலரியில் 2017 அக்டோபர் முதல் 2020 ஜனவரி வரை ஒரு சின்னக் கண்காட்சி வைத்திருந்தார்கள். ஆட்ரியன் வான்சன், ஆடம் டி கொலோன் என்ற இரண்டு ஓவியர்களைப் பற்றியது. அதைப் பார்த்தபோது உங்களுக்கு வந்த சந்தேகங்கள்: மெய்ட்லண்ட் என்ற பிரபுவின் படத்துக்கு அடியில் ஸ்காட்லாந்து அரசி மேரியின் படம் ஒளிந்திருக்கிறது என்றார்களே, அது நிஜமா, பத்திரிகைக் கதையா? அப்புறம், 16, 17ஆம் நூற்றாண்டில் ஒரு நாடு முழுக்க வரைந்தது இவ்வளவுதானா, அதிலும் எல்லா முகமும் மரக்கட்டையாக நிற்கின்றன, அதே காலத்து இத்தாலிக்காரர்களுக்கு வந்த கை இவர்களுக்கு வரவில்லையா?

முதல் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லலாம் என்றுதான் ஆரம்பித்தேன். முடியாது போலிருக்கிறது, ஏனென்றால் இரண்டாவது கேள்விக்கான பதிலில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

அந்தப் படம் 1589ல் வான்சன் வரைந்ததாகச் சொல்லப்படுவது. படத்தில் இருப்பவர் சர் ஜான் மெய்ட்லண்ட், அன்றைய ஸ்காட்லாந்தின் சான்சலர், அதாவது மேரியின் மகன் ஆறாம் ஜேம்ஸ் மன்னருக்கு அடுத்தபடியாக நாட்டின் காரியங்களைக் கையில் வைத்திருந்த மனிதர். கோர்ட்டால்ட் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த கரோலைன் ரே என்ற ஓவியப் பாதுகாப்பு வல்லுநர், இந்த இரண்டு ஓவியர்களும் எப்படி வேலை செய்தார்கள் என்று பார்ப்பதற்காகப் பல படங்களை எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தார். யாரும் புதையல் தேடிப் போகவில்லை. மெய்ட்லண்ட் படத்தின் எக்ஸ்ரேயில் அவருக்கு அடியில் ஒரு பெண்ணின் முகமும், மடிப்புக் காலரும், சதுரக் கழுத்து வைத்த உடையின் கோடுகளும் தெரிந்தன. இது எப்படித் தெரிகிறது என்றால், அந்தக் காலத்து வெள்ளை என்பது ஈய வெள்ளை. முகத்தின் வெளிச்சப் பகுதி, கழுத்தைச் சுற்றிய மடிப்புக் காலர் எல்லாம் அந்த வெள்ளையில்தான் எழும். ஈயம் எக்ஸ்ரேயைத் தடுத்து நிறுத்திவிடும், மண் நிறங்களும் கரி நிறமும் விட்டுவிடும். ஆகவே மேலே எவ்வளவு கறுப்பு அங்கியை வரைந்தாலும் அடியில் ஈய வெள்ளையில் வரைந்த முகம் பிலிமில் வெளுப்பாக மிதக்கும்.

பெண் ஒருத்தி இருக்கிறாள், அதில் சந்தேகம் இல்லை. அவள் மேரிதானா என்பது அடுத்த கேள்வி. முக அமைப்பும் உடையும் மேரியின் மற்றப் படங்களோடு நன்றாகப் பொருந்துகின்றன என்பதுதான் ஆய்வு செய்தவர்கள் சொன்னது. அடியில் பெயர் எழுதியிருக்கவில்லை. எனக்கு அந்த அடையாளம் நம்பும்படியாகவே இருக்கிறது, ஆனால் 'கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று தலைப்புப் போடும் அளவுக்கு இல்லை. முடிக்காத படம் அது. மேரி தலை வெட்டப்பட்டது 1587 பிப்ரவரி 8, அதே மரப்பலகையில் மெய்ட்லண்ட் உட்கார்ந்தது 1589. நடுவில் இரண்டே வருடம். அரசியின் தலை போன பிறகு அவள் படத்தை முடித்துக் கொடுப்பது உசிதமில்லை என்று ஓவியரோ வாங்க இருந்தவரோ நினைத்திருக்கலாம் என்பது எளிதாக வருகிற ஊகம். பலகையை வீணாக்க வேண்டாம் என்ற சாதாரணக் கணக்கும் அதில் இருந்திருக்கும்.

மேரியை எதற்காக எடின்பரோவில் ஒருவர் வரைய வேண்டும், அவள்தான் 1568லேயே இங்கிலாந்துக்கு ஓடிப்போய் அங்கே சிறையில் கிடந்தாளே என்று கேட்பீர்கள். 1580களின் முதல் பாதியில் தாயும் மகனும் சேர்ந்து அரியணையில் இருக்கலாம் என்ற ஒரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. பிளேர் கோட்டையில் 1583 என்று தேதி போட்ட ஒரு படம் இருக்கிறது, மேரியும் ஜேம்ஸும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது போல. அவள் மகனைக் கடைசியாகப் பார்த்தபோது அவனுக்குப் பத்து மாதம். இருவரும் சேர்ந்து நின்றது அந்தப் படத்தில் மட்டும்தான்.

மெய்ட்லண்ட் விஷயத்தில் பத்திரிகைகள் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஒன்று எனக்கு இதைவிட ருசியாகப் படுகிறது. இவருடைய அண்ணன் வில்லியம் மெய்ட்லண்ட்தான் மேரியின் செயலாளர். அண்ணனும் தம்பியும் மேரி கட்சியில் நின்று எடின்பரோ கோட்டைக்குள் முற்றுகையில் இருந்தார்கள். 1573ல் கோட்டை விழுந்தது, அண்ணன் காவலில் செத்தார், தம்பி சிறைக்குப் போனார். அதே தம்பி பிறகு அவளுடைய மகனிடம் சான்சலர் ஆகி, அவளுடைய படத்தின் மேலேயே உட்கார்ந்து போஸ் கொடுத்திருக்கிறார். அடியில் யார் இருந்தார் என்று அவருக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். ஒரு நாவலாசிரியர் இப்படி எழுதினால் ரொம்ப வசதியாக இருக்கிறதே என்று நாமே முகத்தைச் சுளிப்போம்.

இந்தப் படம் ஸ்காட்லாந்திலேயே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது இருப்பது லண்டனுக்குப் பக்கத்தில் தேம்ஸ் கரையில் ஹாம் ஹவுஸ் என்ற மாளிகையில். கண்காட்சிக்கு இரவல் வாங்கி வந்தார்கள். மெய்ட்லண்டின் பேரன் லாடர்டேல் கோமகன், இரண்டாம் சார்லஸ் காலத்தில் ஸ்காட்லாந்தையே ஆட்டிவைத்தவர், 1672ல் ஹாம் ஹவுஸின் சொந்தக்காரியான எலிசபெத்தைக் கல்யாணம் செய்துகொண்டார். தாத்தா படம் ஹாம் ஹவுஸ் சுவரில் தொங்குவதற்குக் காரணம் அந்தச் சம்பந்தம்தான். 'அரிதாகப் பார்க்கக் கிடைக்கும்' என்று இந்த மாதிரிக் கண்காட்சிகளில் எழுதி வைக்கிறார்களே, அதற்குப் பெரும்பாலும் இதுதான் அர்த்தம். படம் தொலைந்து போகவில்லை, பாட்டன் தொங்கவிட்ட வீட்டில் பேரன் விட்டுவைத்திருக்கிறான், அவ்வளவுதான். நிறையப் படங்கள் இன்னமும் பிரபு வீட்டு மாடிப்படிச் சுவரிலோ சாப்பாட்டு அறையிலோதான் இருக்கின்றன. 1975ல் இதே உருவப்பட கேலரியில் 1570 முதல் 1650 வரையான ஸ்காட்லாந்து ஓவியத்துக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தார்கள். டங்கன் தாம்சன் என்பவர் செய்தது. எது யார் வரைந்தது என்பதில் இன்று நாம் பேசுவதில் பெரும் பகுதி அவர் கிளறி எடுத்ததிலிருந்துதான் தொடங்குகிறது.

சரி, ஏன் இவ்வளவு குறைவு? இதற்கு முதல் காரணம் சமயச் சீர்திருத்தம், அதாவது நாடு கத்தோலிக்க மதத்தை விட்டுப் புராட்டஸ்டண்ட் ஆனது. 1559 மே மாதம் பெர்த் நகரில் சீர்திருத்தப் பிரசங்கி ஜான் நாக்ஸ் பேசிய ஒரு பிரசங்கத்துக்குப் பிறகு கூட்டம் புனித ஜான் தேவாலயத்தின் சிலைகளையும் பலிபீடங்களையும் நொறுக்கியது, அடுத்த வருடம் பாராளுமன்றமே போப்பின் அதிகாரத்தை ஒழித்தது. அதற்கு முன் தேவாலயங்களில் என்ன இருந்திருக்கும் என்று தெரிய வேண்டுமானால் எடின்பரோவிலேயே தேசிய கேலரியில் ஹியூகோ வான் டெர் கூஸ் 1470களில் வரைந்த டிரினிட்டி பலிபீடப் பலகைகளைப் பாருங்கள். அரச குடும்பத்தின் சொத்து, இரவலாக வைத்திருக்கிறார்கள். பெல்ஜியத்துப் பெரிய கை ஒன்று எடின்பரோ தேவாலயம் ஒன்றுக்காக வரைந்தது, மூன்றாம் ஜேம்ஸும் அவருடைய டென்மார்க் ராணியும் முழந்தாளிட்டிருக்கிறார்கள். நடுப் பலகை போய்விட்டது. தேவாலயம்? 1848ல் வேவர்லி ரயில் நிலையத்துக்காக இடித்துவிட்டார்கள். ஆக எல்லாப் பழியையும் நாக்ஸ் தலையில் போடவும் முடியாது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. சீர்திருத்தக்காரர்கள் உருவப்படத்துக்கு எதிரிகள் இல்லை. சாமி படத்துக்குத்தான் எதிரிகள். ஜெனிவாவில் இருந்த தியோடர் பீசா, சீர்திருத்தப் பெரியவர்களின் படங்களைத் தொகுத்து 1580ல் ஒரு புத்தகம் போட்டார், நாக்ஸின் முகம் அதில் இருக்கிறது. இன்று நாக்ஸ் என்றால் நம் மனத்தில் வருகிற அந்த நீண்ட தாடி அங்கிருந்துதான் வந்தது. பீசாவுக்கு அனுப்பிய இரண்டு படங்களுக்காக 1581ல் அரசுக் கஜானாவிலிருந்து பணம் வாங்கியவர் யார் தெரியுமா? நம் வான்சனேதான். ஸ்காட்லாந்தில் அவருடைய பெயர் ஏட்டில் ஏறும் முதல் இடமே அந்தக் கணக்குதான்.

இரண்டாவது காரணம் 1603. இங்கிலாந்து அரசி எலிசபெத் செத்தாள், அந்த அரியணையும் ஜேம்ஸுக்கு வந்தது, அவர் லண்டனுக்குக் கிளம்பினார், அரசவையும் கூடவே போயிற்று. போகும்போது மூன்று வருடத்துக்கு ஒருமுறை வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், செத்துப்போன 1625 வரைக்கும் திரும்பி வந்தது ஒரே ஒரு தடவை, 1617ல். அந்த ஒரு தடவைக்கும் ஹோலிரூட் அரண்மனைச் சிற்றாலயத்தில் அப்போஸ்தலர்களின் சிலைகளை வைக்கப்போகிறார் என்று கேள்விப்பட்டு ஊரே கொதித்து, அவர் அந்த யோசனையைக் கைவிட வேண்டியதாயிற்று. பெரிய படம் வாங்கும் கை லண்டனில், சாமி படத்துக்குத் தடை உள்ளூரில். இதற்கு நடுவில் ஓவியருக்கு மிச்சம் இருந்தவர்கள் ஊர்ப்பக்கத்து நிலக்கிழார்கள், வக்கீல்கள், பேராசிரியர்கள், வியாபாரிகள். அவர்களுக்கு வேண்டியது அவரவர் முகம்.

இனி விறைப்பைப் பற்றி. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இந்தப் படங்களைக் கலையாகப் பார்ப்பதற்கு முன்னால் ரசீதாகப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஓவிய வரலாறு படித்தவர்கள் சண்டைக்கு வரலாம். ஆனால் ஸ்காட்லாந்தின் இந்தக் காலத்துக்கு நம்மிடம் படங்களைவிடக் கணக்குகள்தான் வாயைத் திறந்து பேசுகின்றன.

அர்னால்ட் பிராங்கோர்ஸ்ட் என்ற நெதர்லாந்துக்காரர் 1580ல் கொடுத்த பில் ஒன்று இருக்கிறது. மன்னர், இடுப்புக்கு மேல்: 16 பவுண்டு. ஜார்ஜ் புக்கனன், அதாவது மன்னருக்குப் பிரம்பால் லத்தீன் கற்றுக்கொடுத்த வாத்தியார்: 8 பவுண்டு. மன்னர், முழு உருவம்: 40 பவுண்டு. ஆக 64. எல்லாம் ஸ்காட்லாந்துப் பவுண்டு, இங்கிலாந்துப் பணத்தில் அதன் மதிப்பு மிகக் குறைவு. 1603க்குப் பிறகு பன்னிரண்டுக்கு ஒன்று என்று நிலைத்துவிட்டது. துணிக்கடையில் மீட்டர் கணக்கில் அளந்து கொடுப்பது போல, உடம்பில் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காசு. அடுத்த வருடம் இவரை வருடம் 100 பவுண்டு சம்பளத்தில் அரச ஓவியராக்கினார்கள்.

இந்த மனிதர் ஸ்காட்லாந்துக்கு வந்ததே படம் வரைய இல்லை என்று ஒரு கதை உண்டு. ஸ்டீபன் அட்கின்சன் என்ற சுரங்கக்காரர் 1619ல் எழுதி வைத்தது. கிராஃபோர்ட் மலைப்பக்கம் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, இங்கிலாந்தின் பெரிய நுண்ணோவியர் நிக்கலஸ் ஹில்லியார்டும் வேறொருவரும் பணம் போட்டு பிராங்கோர்ஸ்டை அனுப்பினார்களாம். தங்கம் கிடைத்தது, ஆனால் ஆட்சியைக் கையில் வைத்திருந்த மார்டன் பிரபு அதை நாட்டைவிட்டு வெளியே எடுத்துப்போக அனுமதி தரவில்லை. போகவும் வழியில்லாமல் கடைசியில் மன்னருக்குப் படம் எழுதும் வேலையை ஏற்றுக்கொண்டார் என்று கதை முடிகிறது. நாற்பது வருடம் கழித்து எழுதியது, அதனால் எல்லாவற்றையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் மார்டன் பிரபுவின் படம், பிராங்கோர்ஸ்ட் வரைந்ததாகச் சொல்வது, அதே கேலரியில் இருக்கிறது. உயரத் தொப்பி, செம்பட்டைத் தாடி, சந்தேகக் கண். இந்தக் கதை தெரிந்த பிறகு அந்தக் கண்ணை வேறு மாதிரிதான் பார்க்கத் தோன்றும்.

பிராங்கோர்ஸ்டுக்குப் பிறகு அந்த வேலைக்கு வந்தவர்தான் வான்சன், இவரும் நெதர்லாந்துக்காரர். 1585ல் எடின்பரோ நகர மன்றம் அவருக்கு நகரக் குடியுரிமை கொடுத்தது, உள்ளூர்ப் பையன்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஆடம் டி கொலோன் இவருடைய மகன். தாய் சுசன்னா டி கொலோனின் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டார். அப்பா பலகையில் வேலை செய்தவர், மகன் பெரும்பாலும் துணியில். 1622 முதல் 1628 வரை ஆறேழு வருடத்துக்குள் தேதி போட்ட படங்கள், அப்புறம் ஆள் ஏட்டிலிருந்தே காணாமல் போகிறார். 1625ல் வின்டன் பிரபுவை இரண்டு மகன்களோடு வரைந்தது எனக்குப் பிடித்தது. குழந்தைகள் பெரியவர்களின் உடையைச் சின்னதாகத் தைத்துப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள், ஆனால் அப்பன் முகத்தில் கொஞ்சம் களைப்பு இருக்கிறது. அதற்கு மேல் ஓவியருக்கு அனுமதி இல்லை என்று நினைக்கிறேன்.

அதாவது 'ஸ்காட்லாந்து ஓவியம்' என்று அந்த அறையில் பார்த்ததில் பெரும்பாலும் குடியேறி வந்தவர்களின் வேலை. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. அதே காலத்தில் லண்டன் அரசவையிலும் நிலைமை இதுதான்.

உள்ளூர்க்காரர் என்று வருபவர் ஜார்ஜ் ஜேம்சன், அபர்டீனில் ஒரு கொத்தனாரின் மகன், 1589 அல்லது 1590ல் பிறந்தவர். 1612ல் எடின்பரோவில் ஜான் ஆண்டர்சன் என்ற அலங்கார ஓவியரிடம் எட்டு வருடத்துக்குத் தொழில் பழகச் சேர்ந்தார். உருவப்படம் அங்கே கற்றாரா, எங்கே கற்றார் என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் ஆண்டர்சன் கூரைப் பலகைகளிலும் சுவர்களிலும் வேலை செய்தவர். அந்தக் காலத்தின் பெரிய ஃபிளெமிஷ் ஓவியர் ரூபன்ஸிடம், அவரைப் போலவே புகழ்பெற்ற உருவப்பட ஓவியர் வான் டைக்கோடு சேர்ந்து படித்தார் என்று பிற்காலத்தில் ஒரு கதை கட்டினார்கள். படங்களைப் பார்த்தால் அதற்கு ஆதாரம் தெரியவில்லை. 'ஸ்காட்லாந்தின் வான் டைக்' என்ற பட்டமும் அவருக்கு நன்மையைவிடக் கெடுதலே செய்தது. அந்தப் பெயரைக் கேட்டுவிட்டுப் போய் நின்றால் ஏமாற்றம்தான்.

ஜேம்சனின் கடிதம் ஒன்றுதான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் தரக்கூடிய மிகச் சிறந்த பதில். கிளெனார்க்கியின் நிலக்கிழார் சர் காலின் கேம்பல் 1630களில் இவரிடம் படம் படமாக வாங்கிக்கொண்டிருந்தார். விலை கேட்டதற்கு ஜேம்சன் எழுதுகிறார்: இடுப்புக்கு மேல் ஒரு படம் 20 மெர்க், துணியும் வண்ணமும் என்னுடையது. இரட்டைத் தங்கப்பூச்சுச் சட்டமும் நானே போட்டால் 20 பவுண்டு. மெர்க் என்பது ஸ்காட்லாந்துப் பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள், சட்டத்துக்கு மட்டும் 10 மெர்க் ஆகிறது. முகம், கை, காலர், துணி, வண்ணம், ஓவியரின் எட்டு வருடப் படிப்பு எல்லாம் சேர்ந்து 20, சுற்றியிருக்கும் மரத்துக்கு 10! இன்னொரு வரியில், ஜூலையில் ஆரம்பித்தால் செப்டம்பர் கடைசியில் பதினாறு படங்களும் தயார் என்கிறார். மூன்று மாதத்தில் பதினாறு, ஒரு முகத்துக்கு ஆறு நாளுக்கும் குறைவு, ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக் கூடாத நாட்டில். இதில் முகத்தைத் தவிர மற்றதெல்லாம் வாய்ப்பாடாகத்தான் இருக்க முடியும். வாங்குபவருக்கும் அதுவே போதும், அவருக்கு வேண்டியது வரிசை. கிளெனார்க்கிக்காக ஜேம்சன் 1635ல் வரைந்த குல மரப் படத்தைப் பார்த்தால் இது விளங்கும். அடியில் முன்னோர் படுத்திருக்க, அவரிடமிருந்து மரம் கிளைவிட்டு, கிளைகளில் வாரிசுகளின் முகங்களும் பெயர்களும் தொங்குகின்றன.

இதே சர் காலின்தான் அதற்கு முன்னால் ஒரு ஜெர்மன் ஓவியரை எட்டு மாதம் வீட்டில் வைத்துச் சோறு போட்டு, ஸ்காட்லாந்து மன்னர்களின் படங்களையும் தன் முன்னோர்களின் படங்களையும் வரையச் சொல்லி ஆயிரம் பவுண்டு கொடுத்தவர். குடும்ப ஏட்டில் தொகை இருக்கிறது, எத்தனை மாதம் என்பது இருக்கிறது, படங்கள் எந்த அறையில் தொங்கின என்பதும் இருக்கிறது. ஓவியரின் பெயர் இல்லை.

அப்போது உணர்ச்சியே இல்லையா என்றால், இருக்கிறது, நாம் தேடும் இடத்தில் இல்லை. முகத்தில் தேடாதீர்கள், எழுத்தில் தேடுங்கள். 1567ல் டார்ன்லி, மேரியின் கணவன், கொலையான பிறகு அவனுடைய பெற்றோர் லண்டனில் லிவினஸ் டி வோகலார் என்பவரை வைத்து ஒரு நினைவுப் படம் வரையச் சொன்னார்கள். கல்லறைக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டிருக்கும் ஒன்றரை வயது ஜேம்ஸ், தலையில் கிரீடம், வாயிலிருந்து புறப்படும் எழுத்தில் 'ஆண்டவரே எழுந்தருளும், என் தந்தையின் குற்றமற்ற இரத்தத்துக்குப் பழி வாங்கும்' என்ற வேண்டுதல். பேச்சே வராத குழந்தை! படம் முழுக்க இப்படி எழுத்து. அதைவிடக் கடுமையானது 1592ல் ஹன்ட்லி பிரபுவின் ஆட்கள் மரே பிரபுவைக் கொன்றபோது அவருடைய தாய் வரையச் சொன்னது. பிணம் வெறும் உடம்பாகக் கிடக்கிறது, வெட்டுக் காயங்கள் ஒவ்வொன்றும் எண்ணிப் பார்க்கும்படியாக, பக்கத்தில் 'கடவுளே என் வழக்குக்குப் பழி வாங்கு'. நீதி கிடைக்கும்வரை உடலைப் புதைக்கவே விடாமல் வைத்திருந்தார்கள். அந்தப் படம் ஒரு புகார் மனு, மன்னரின் கண்ணில் படவேண்டும் என்பதற்காக எழுதியது. மன்னர் அசையவில்லை. படம் இன்னமும் அந்தக் குடும்பத்திடமே இருக்கிறது.

இன்னொரு விஷயம், நாம் பார்க்கும் விறைப்பில் கொஞ்சம் ஓவியருடையதே இல்லை. முகத்துக்கு உயிர் கொடுக்கும் சிவப்பில் ஒரு பகுதி பூச்சியிலிருந்தும் வேரிலிருந்தும் எடுத்த சாயம், அது வெளிச்சத்தில் வெளுத்துப்போகும். கோபால்ட் கலந்த நீலக் கண்ணாடித் தூள் என்று ஒரு மலிவான நீலம் இருந்தது, அது எண்ணெயில் கிடந்து கிடந்து சாம்பலாகிவிடும். இதற்கு மேல் நூறு இருநூறு வருடமாக யார் யாரோ துடைத்ததில், கடைசியாக மெல்லிதாகப் பூசிய நிழல்கள்தான் முதலில் போயிருக்கும். கன்னத்துச் சிவப்பும் தாடைக்கு அடியில் நிழலும் போன பிறகு யாருடைய முகமும் மாவுப் பொம்மையாகத்தான் தெரியும்.

விறைப்பு என்று நிஜமாகவே குறை சொல்ல வேண்டுமானால் ஹோலிரூட் அரண்மனையின் நீளக் கூடத்துக்குப் போங்கள். 1684ல் ஜேக்கப் டி வெட் என்ற டச்சுக்காரரோடு ஒப்பந்தம்: 110 மன்னர்கள், இரண்டு வருடம், வருடத்துக்கு 120 பவுண்டு, வண்ணமும் துணியும் அவர் செலவு. கிறிஸ்துவுக்கு 330 வருடம் முன்னால் ஆண்டதாகச் சொல்லப்படும் முதலாம் ஃபெர்கஸ் தொடங்கி வரிசையாக நிற்கிறார்கள், பாதிப் பேர் வாழ்ந்ததற்கே ஆதாரம் இல்லை, ஆனால் எல்லோருக்கும் ஒரே மூக்கு. 1746ல் ஸ்டூவர்ட் வம்சத்துக்காக எழுந்த கிளர்ச்சிக்காரர்களிடம் தோற்று வந்த அரசுப் படையினர் வாளால் இவற்றைக் குத்திக் கிழித்தார்கள். அரசியல் கோபம் என்று எழுதுகிறார்கள், எனக்கென்னவோ விமர்சனமும் கொஞ்சம் கலந்திருக்கும் என்று தோன்றுகிறது.

அடுத்த தடவை போகும்போது, உருவப்பட கேலரியின் நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை, நேரே ஜேம்சனின் சுயபடத்துக்குப் போங்கள். தலையில் அகலத் தொப்பி, பின்னால் சுவர் நிறையச் சின்னச் சின்னப் படங்கள், அவற்றைக் கையால் சுட்டிக் காட்டுகிறார், கடைக்காரர் சரக்கைக் காட்டுவது போல. பிறகு எஸ்தர் இங்கிலிஸ் என்ற பெண்ணின் 1595ஆம் வருடப் படம். அகதியாக வந்த பிரெஞ்சுக் குடும்பத்துப் பெண், உள்ளங்கைக்குள் அடங்கும் புத்தகங்களைக் கையால் எழுதி அரசர்களுக்குப் பரிசாக அனுப்பியவர், அவற்றில் பலவற்றில் தன் முகத்தையும் தானே வரைந்து வைத்தவர். எந்தப் படமானாலும் முதலில் மேல் மூலைகளைப் பாருங்கள், வயதும் வருடமும் குலச் சின்னமும் அங்கேதான் இருக்கும். பலகைப் படமானால் பக்கவாட்டில் நின்று பார்த்தால் பலகைகள் சேரும் இடம் ஒரு கோடாகத் தெரியும்.

அங்கிருந்து பதினைந்து இருபது நிமிடம் மேட்டில் ஏறினால் லான்மார்க்கெட்டில் கிளாட்ஸ்டோன்ஸ் லேண்ட் என்ற வியாபாரி வீடு. அங்கே போகாமல் இந்த நாட்டுக்காரர்களுக்கு வரையத் தெரியாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1620 என்று வருடம் போட்ட மரக்கூரை, உத்திரங்களிலும் பலகைகளிலும் பூவும் பழமும் கொடியுமாக, சுண்ணத்தூளும் பசையும் கலந்த வண்ணத்தில். பிற்காலத்தில் சாந்து பூசி மூடிவிட்டார்கள், 1930களில்தான் திரும்ப வெளியே வந்தது. இந்த மாதிரிக் கூரைகள் முழுதாகவும் துண்டாகவும் நாடெங்கும் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. ஜேம்சன் தொழில் பழகியது இப்படிப்பட்ட வேலைக்காரரிடம்தான். கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பாருங்கள். கேலரிக்கு எளிதில் கழற்றிக்கொண்டு வர முடியாததால் கண்காட்சிகளில் இவை வருவது அரிது, நீங்கள் பார்த்த அறை அவ்வளவு காலியாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.